வானொலி வாசலில் காத்திருக்கும் பாடல்கள்



2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவில் நடந்த ஒரு சிறிய நிகழ்ச்சி. ஓக்லஹோமா மாநிலத்தில், ஒரு சிறு நகரத்தில் ஒரு வானொலி நிலையம். கன்ட்ரி என்று சொல்லப்படும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடல்களை மட்டுமே ஒலிபரப்பும் நிலையம் அது. அதற்கு ஒரு நேயர் மின்னஞ்சல் அனுப்பினார். பியோன்சே பாடி அப்போதுதான் வெளிவந்திருந்த 'டெக்சாஸ் ஹோல்டெம்' என்ற பாடலை ஒலியேற்ற வேண்டும் என்பது அவர் விருப்பம். பதில் வந்தது. இது கன்ட்ரி நிலையம், பியோன்சேயின் பாடல்களை இங்கே போடுவதில்லை என்பது அதன் சாரம்.

நேயர் சும்மா இருக்கவில்லை. அந்தப் பதிலை அப்படியே இணையத்தில் போட்டுவிட்டார். நிலையத்துக்கு மின்னஞ்சல்களும் தொலைபேசி அழைப்புகளும் வந்து குவிந்தன. பியோன்சே ஒரு கன்ட்ரி பாடல் பாடியிருக்கிறார் என்பதே தங்களுக்குத் தெரியாது என்று நிலையத்தார் விளக்கம் சொன்னார்கள். விரைவிலேயே அந்தப் பாடலைத் தேடிப் பிடித்து ஒலியேற்றவும் செய்தார்கள்.

நிலையத்தாரின் விளக்கத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. சிறிய ஊர், சிறிய நிலையம், நாள்தோறும் வந்து விழும் புதிய வெளியீடுகளோ ஏராளம். ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. பாடலைக் கேட்பதற்கு முன்பே, பாடியவர் பெயரைப் பார்த்த மாத்திரத்தில், "இது எங்கள் இசை இல்லை" என்று சொல்ல முடிந்தது எப்படி? அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

விடை தேட நூறு ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும்.

வானொலி வளர்த்த பிள்ளை

கன்ட்ரி இசை ஒரே வீட்டில் பிறந்த பிள்ளை அல்ல. ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவின் தென்பகுதி மலைகளில் குடியேறியவர்கள் கதைப் பாடல்களையும் பிடிலையும் கொண்டு வந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்கள், சுரைக்குடுக்கைக்குத் தோல் போர்த்தி நரம்பு கட்டிய கருவியின் நினைவைச் சுமந்து வந்தார்கள். அந்தக் கருவியின் வழித்தோன்றல்தான் பேன்ஜோ. இன்று கன்ட்ரி இசையின் அடையாளமாகப் படங்களில் வரையப்படும் அதே பேன்ஜோ! இவற்றோடு தேவாலயப் பாடல்களும் வயல்வெளிப் பாடல்களும் சேர்ந்து கலந்தன. இந்தப் பழைய வேரிலிருந்து கிளைத்த இசை வகைகளையெல்லாம் சேர்த்து 'ரூட்ஸ்' இசை, அதாவது வேர் இசை, என்று அழைக்கிறார்கள்.

வீட்டுத் திண்ணையிலும் அறுவடை விருந்திலும் ஒலித்துக்கொண்டிருந்த இந்த இசையை ஊர் ஊராகக் கொண்டு போய்ச் சேர்த்தது வானொலிதான். 1920ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் நகரில் கேடிகேஏ என்ற வணிக வானொலி நிலையம் தொடங்கியது. 1922இல் அட்லாண்டா நகரின் டபிள்யூஎஸ்பி நிலையத்தில் பிடிலின் ஜான் கார்சன் என்ற முதிய பிடில் கலைஞர் வாசித்தார். நேயர்களிடம் அவருக்குக் கிடைத்த பெயரைப் பார்த்து, 1923இல் அவருடைய இசைத்தட்டு பதிவு செய்யப்பட்டது. முதலில் அடித்த 500 தட்டுகளும் விற்றுத் தீர்ந்தன. இங்கே வரிசையைக் கவனியுங்கள். முதலில் வானொலி, அதன் பிறகுதான் இசைத்தட்டு.

1924இல் சிகாகோவின் டபிள்யூஎல்எஸ் நிலையம், கிராமத்து ஆட்ட விருந்து போன்ற ஒரு வாராந்தர நிகழ்ச்சியைத் தொடங்கியது. அந்த நிலையத்தை நடத்தியது அஞ்சல் வழியே சாமான் விற்ற சியர்ஸ் நிறுவனம். 1925இல் நாஷ்வில் நகரில் டபிள்யூஎஸ்எம் நிலையம் வந்தது. அதை நடத்தியது ஒரு காப்புறுதி நிறுவனம். இலட்சக்கணக்கானோரைக் காக்கிறோம் என்ற அந்நிறுவனத்தின் விளம்பர வாசகத்தின் முதல் எழுத்துகள்தாம் நிலையத்தின் பெயர். உழைக்கும் மக்களிடம் காப்புறுதிச் சந்தா வாங்க முகவர்கள் வீடு வீடாகப் போவார்கள். முதல் நாள் இரவு வானொலியில் பாட்டுக் கேட்ட வீட்டில், மறுநாள் முகவருக்குக் கதவு சுலபமாகத் திறக்கும். நாட்டுப்புற இசைக்கு வானொலியில் இடம் கிடைத்ததற்கு இப்படியொரு வியாபாரக் காரணமும் உண்டு.

1925 நவம்பர் 28ஆம் நாள் அந்த நிலையத்தில் தொடங்கிய சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியே, பின்னர் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்று உலகப் புகழ் பெற்றது. 2025 நவம்பரில் அதற்கு நூறு வயது நிறைந்தது.

ஒரே இசை, இரண்டு அலமாரி

அதே காலத்தில் இசைத்தட்டு நிறுவனங்கள் ஒரு காரியம் செய்தன. 1920களில் தென்பகுதி இசையை இரண்டாகப் பிரித்து விற்றார்கள். கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளுக்கு ஒரு வரிசை எண், வெள்ளையரின் தட்டுகளுக்கு வேறொரு வரிசை எண். ஒன்றுக்கு 'இனத் தட்டுகள்' என்று பெயர். மற்றதற்கு 'மலைநாட்டுத் தட்டுகள்' என்றும் 'பழைய இராகங்கள்' என்றும் பெயர். ஒரே ஊரில், ஒரே பிடிலை, ஒரே இராகத்தில் வாசித்த இரண்டு பேர் கடையில் இரண்டு அலமாரிகளில் உட்கார்ந்தார்கள். பிரிந்தது இசை அல்ல; சரக்குப் பட்டியல்!

ஓர் எடுத்துக்காட்டு. கன்ட்ரி இசையின் முதல் குடும்பம் என்று போற்றப்படுவது கார்ட்டர் குடும்பம். 1927ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரில் நடந்த பதிவுகளில்தான் அவர்களுடைய குரல் முதன்முதலாக இசைத்தட்டில் ஏறியது. அக்குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் பழைய பாடல்களைத் தேடி மலையூர்களில் அலைந்தவர். அந்தப் பயணங்களில் அவரோடு போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின கித்தார் கலைஞர். சிமெண்டு ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். பாடல் வரிகளைக் கார்ட்டர் எழுதிக்கொள்வார், மெட்டை ரிடில் மனத்தில் பதித்துக்கொள்வார். வீடு திரும்பியதும் அந்த மெட்டைக் குடும்பத்தாருக்கு வாசித்துக் காட்டுவார். மேபெல் கார்ட்டரின் புகழ்பெற்ற கித்தார் வாசிப்பிலும் ரிடிலிடம் கற்ற பாடம் உண்டு. ஆனால் அந்த இசைத்தட்டுகளில் ரிடிலின் பெயர் இல்லை.

மௌத் ஆர்கன் மன்னர்

இனி, ஓப்ரி மேடையின் முதல் நட்சத்திரங்களில் ஒருவரைப் பார்ப்போம். பெயர் டிஃபோர்ட் பெய்லி. 1899இல் டென்னசி மாநிலக் கிராமம் ஒன்றில் பிறந்த கறுப்பினத்தவர். மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கிப் படுத்த படுக்கையானார். அப்போது கைக்கு வந்தது ஒரு மௌத் ஆர்கன். வெளியே ஓடும் இரயிலின் ஓசை, நாய்கள் நரியைத் துரத்தும் சத்தம் எல்லாவற்றையும் அந்தச் சின்னக் கருவியில் கொண்டு வந்தார். நோய் அவருடைய வளர்ச்சியைக் குறைத்துவிட்டது. ஐந்தடிக்கும் குறைவான உயரம். ஆனால் ஒலிவாங்கியின் முன் நின்றால் ஓர் இரயில் வண்டியே நிலையத்துக்குள் நுழைந்தது போலிருக்கும்.

1927ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு. டபிள்யூஎஸ்எம் நிலையம் முதலில் ஒரு மணி நேரம் செவ்வியல் இசை நிகழ்ச்சியை அஞ்சல் செய்தது. அடுத்து நாட்டுப்புற நிகழ்ச்சி. பெய்லி தமது இரயில் இசையை வாசித்தார். இதுவரை கிராண்ட் ஓப்ரா கேட்டீர்கள், இனி கிராண்ட் ஓல் ஓப்ரி கேளுங்கள் என்ற பொருளில் அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே வேடிக்கையாகச் சொன்னார். அந்த வேடிக்கைப் பெயரே நிலைத்துவிட்டது. கன்ட்ரி உலகின் தலைமை மேடைக்குப் பெயர் சூட்டப்பட்ட அந்த இரவில் வாசித்தவர் ஒரு கறுப்பினக் கலைஞர்.

1928இல் 52 வார ஒலிபரப்புகளில் 49இல் பெய்லி வாசித்தார். அதே ஆண்டு நாஷ்வில் நகரில் நடந்த முதல் இசைத்தட்டுப் பதிவிலும் அவர் பங்கு கொண்டார். 1930களில் ராய் ஏகஃப், பில் மன்ரோ போன்ற இளம் கலைஞர்களோடு ஊர் ஊராகப் போனார். பெய்லியின் பெயரைச் சொன்னால் கூட்டம் கூடும். ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் மற்றவர்கள் தங்கிய விடுதியில் அவருக்கு அறை கிடையாது. பல உணவகங்களில் உள்ளே உட்கார இடம் கிடையாது. வானொலியில் குரலுக்கு நிறம் இல்லை. விடுதி வாசலில் நிறம் இருந்தது.

புதிய பாட்டு எங்கே?

1941இல் பெய்லி ஓப்ரியிலிருந்து நீக்கப்பட்டார். இதன் பின்னணியில் இருந்தது புதிய பாடல்கள் பற்றிய ஒரு சண்டை.

பாடலாசிரியர்களுக்காக வானொலியிடம் கட்டணம் வசூலித்து வந்தது ஆஸ்கேப் என்ற சங்கம். கட்டணத்தை உயர்த்தக் கேட்டபோது வானொலி நிறுவனங்கள் மறுத்தன. 1939இல் பிஎம்ஐ என்ற போட்டி அமைப்பைத் தாங்களே உருவாக்கிக்கொண்டன. 1941 ஜனவரி முதல் பெரிய வானொலி நிறுவனங்கள் ஆஸ்கேப் பாடல்களை ஒலிபரப்புவதையே நிறுத்தின. இதனால் ஒரு நன்மை உண்டானது. அதுவரை ஆஸ்கேப் பெரிதாக மதிக்காத கன்ட்ரி, புளூஸ் பாடலாசிரியர்களுக்குப் பிஎம்ஐ கதவைத் திறந்தது.

ஆனால் பெய்லிக்கு அதே கதவு மூடியது. அவர் ஆண்டுக்கணக்காக வாசித்துப் புகழ் பெற்ற உருப்படிகள் இந்தத் தகராறில் மாட்டிக்கொண்டன. புதியவற்றை வாசிக்கச் சொன்னார்கள். நேயர்கள் கேட்டதோ பழையவற்றை. அவர் சோம்பேறி, புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை என்று 1945இல் ஹே தமது சிறு நூலில் எழுதினார். பெய்லி அந்தப் பழியைக் கடைசி வரை ஏற்கவில்லை. பதினைந்து ஆண்டு உழைப்புக்குப் பின் நாஷ்வில் நகரில் காலணிக்கு மெருகு போடும் கடை நடத்திப் பிழைத்தார். பக்கத்தில் சனிக்கிழமைதோறும் அதே நிகழ்ச்சி, அவர் காலத்தில் சூட்டிய அதே பெயரில் நடந்துகொண்டிருந்தது.

1974இல் ஓப்ரி அவரை மீண்டும் மேடைக்கு அழைத்தது. தமது 75ஆவது பிறந்த நாளை அந்த மேடையில் மௌத் ஆர்கன் வாசித்துக் கொண்டாடினார். 1982இல் மறைந்தார். கன்ட்ரி இசைப் பெருமக்கள் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2005இல். அவர் அதைப் பார்க்கவில்லை.

படம் இல்லாத இசைத்தட்டு

1966இல் ஆர்சிஏ நிறுவனம் சார்லி பிரைட் என்ற புதிய பாடகரின் தட்டுகளை வானொலி நிலையங்களுக்கு அனுப்பியது. வழக்கமாகத் தட்டுடன் பாடகரின் புகைப்படமும் போகும். இம்முறை படம் போகவில்லை. பாடகர் கறுப்பினத்தவர் என்று தெரிந்தால் அறிவிப்பாளர்கள் தட்டைச் சுழல விடுவார்களோ மாட்டார்களோ என்ற தயக்கம்! படம் இல்லாமல் போன குரல் கேட்டவர் மனத்தைப் பிடித்தது. 1969இல் அவருடைய பாடல் முதலிடம் பிடித்தது. அதையும் சேர்த்து அவருடைய 29 பாடல்கள் முதலிடம் கண்டன. முகத்தை மறைத்த பிறகுதான் காது திறந்தது என்றால், குற்றம் காதில் இல்லை அல்லவா?

அதே 1969இல் லிண்டா மார்ட்டெல் ஓப்ரி மேடையில் தனித்துப் பாடினார். கறுப்பினப் பெண் ஒருவர் அங்கே தனியாகப் பாடியது அதுவே முதல் தடவை. 1970இல் அவருடைய இசைத்தொகுப்பு வெளிவந்தது. அதற்குப் பிறகு இன்னொரு தொகுப்பு வரவில்லை. சார்லி பிரைட் நுழைந்த கதவு, அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குத் திறந்திருக்கவில்லை.

தக்காளிக் கணக்கு

நிறம் மட்டும்தான் தடையா? இல்லை. 2015இல் ஒரு வானொலி ஆலோசகர் கன்ட்ரி நிலையங்களுக்கு வெளிப்படையாக ஒரு யோசனை சொன்னார். நேயர் எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டுமா? பெண்கள் பாடியவற்றைக் குறையுங்கள், இரண்டு பெண் குரல்களை அடுத்தடுத்துப் போடாதீர்கள் என்றார். கன்ட்ரி வானொலி ஒரு காய்க்கலவை என்றால் ஆண் பாடகர்கள் கீரை இலைகள், பெண்கள் இடையிடையே தூவும் தக்காளி என்று உவமையும் சொன்னார். கொதித்தெழுந்தார்கள் பாடகிகள். மார்ட்டினா மெக்பிரைட் 'தக்காளி' என்று அச்சிட்ட சட்டைகளையே விற்றார்.

ஆலோசகர் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. நடந்துகொண்டிருந்ததை வாய் விட்டுச் சொன்னார், அவ்வளவுதான். ஒட்டாவா பல்கலைக்கழக ஆய்வாளர் ஜேடா வாட்சன், ஆண்டிறுதி ஒலிபரப்புப் பட்டியல்களை எடுத்து எண்ணிப் பார்த்தார். 2000இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருந்த பெண்களின் பாடல்கள், 2018இல் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும் அளவுக்குச் சுருங்கிவிட்டன.

இப்படி ஒரே கணக்கு நாடு முழுவதும் எப்படிப் பரவியது? ஒரு காலத்தில் ஒரு நிறுவனம் அமெரிக்காவில் 40 வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் நாடு தழுவிய அந்த உச்சவரம்பை நீக்கியது. சில ஆண்டுகளிலேயே ஒரே நிறுவனம் ஏறத்தாழ 1,200 நிலையங்களை வைத்துக்கொள்ளும் நிலை வந்தது. ஊர் அறிவிப்பாளர் தம் காதை நம்பிப் போட்ட புதிய பாட்டு போய், தலைமையகத்திலிருந்து வரும் பட்டியல் வந்தது.

அதன் வலிமையை 2003இல் உலகமே பார்த்தது. ஈராக் போருக்கு முன்னதாக, இலண்டன் மேடையில் டிக்ஸி சிக்ஸ் குழுவின் பாடகி தம் நாட்டு அதிபரைப் பற்றி ஒரு வரி விமர்சனம் செய்தார். அப்போது அவர்களுடைய பாடல் கன்ட்ரி பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. சில நாள்களில் நிலையம் நிலையமாக அவர்களுடைய பாடல்களை நிறுத்தினார்கள். ஒரு நிறுவனம் தன் கன்ட்ரி நிலையங்கள் அத்தனையிலும் ஒரு மாதம் தடை போட்டது. பாட்டு மாறவில்லை, குரல் மாறவில்லை. வாசல் மட்டும் சாத்தப்பட்டது.

அவர் பாடியபோது அது கன்ட்ரி இல்லை

1988இல் டிரேசி சாப்மன் என்ற கறுப்பினப் பெண், கையில் ஒரு கித்தாருடன் 'ஃபாஸ்ட் கார்' என்ற பாடலைப் பாடினார். வறுமையிலிருந்து தப்பிப் போகத் துடிக்கும் ஒரு பெண்ணின் கதை. கடை வேலை, குடிகாரத் தந்தை, கைகூடாத கனவு. கன்ட்ரி பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் கதைதானே இது? ஆனால் அன்று அது நாட்டார் பாணிப் பாடல் என்றும் பாப் என்றும் பெயர் பெற்றதே தவிர, கன்ட்ரி வானொலியின் பாடலாகவில்லை.

35 ஆண்டுகள் கழித்து, 2023இல் லூக் கோம்ஸ் என்ற வெள்ளையினப் பாடகர் அதே பாடலை, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் மரியாதையோடு பாடினார். கன்ட்ரி வானொலிப் பட்டியலில் முதலிடம்! ஒரு கறுப்பினப் பெண் தனியாக எழுதிய பாடல் அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை. அவ்வாண்டு கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாடல் விருதும் சாப்மனுக்குக் கிடைத்தது. இதில் கோம்ஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2024 கிராமி விழாவில் இருவரும் சேர்ந்து பாடியபோது, சாப்மன் மேல் அவர் வைத்திருக்கும் மதிப்பு முகத்திலேயே தெரிந்தது.

இதில் ஒரு சுவையான செய்தியும் உண்டு. அமெரிக்காவில் சாதாரண வானொலி ஒரு பாடலை ஒலியேற்றினால் எழுதியவர் தரப்புக்குத்தான் பணம், பாடியவருக்கு இல்லை. ஆகவே கோம்ஸின் குரல் வானொலியில் ஒலித்த ஒவ்வொரு முறையும் உரிமத்தொகை போனது சாப்மன் தரப்புக்கு. சட்டம் சாப்மனை மறக்கவில்லை. மறந்திருந்தது வானொலியின் காதுதான்.

இரண்டு பட்டியல்கள்

மீண்டும் பியோன்சேக்கு வருவோம். அமெரிக்காவில் பில்போர்ட் இதழ் கன்ட்ரி பாடல்களுக்கு இரண்டு முக்கியப் பட்டியல்களை வெளியிடுகிறது. ஒன்று இணையத்தில் கேட்பது, விற்பனை, வானொலி மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுவது. மற்றது கன்ட்ரி வானொலி ஒலிபரப்பை மட்டும் கணக்கிடுவது. முதல் பட்டியலில் 'டெக்சாஸ் ஹோல்டெம்' முதலிடம் பிடித்தது. ஒரு கறுப்பினப் பெண் அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை. வானொலிப் பட்டியலிலோ முதல் இருபதுக்குள்கூட அது வரவில்லை. மக்கள் தாங்களே தேடிக் கேட்டது ஒரு கணக்கு; வானொலி தேர்ந்து கொடுத்தது இன்னொரு கணக்கு.

அந்தப் பாடல் இடம்பெற்ற 'கவ்பாய் கார்ட்டர்' தொகுப்பில், எண்பது வயதைத் தாண்டிய லிண்டா மார்ட்டெலின் குரலையும் பியோன்சே சேர்த்திருந்தார். அரை நூற்றாண்டுக்கு முன் மறக்கப்பட்ட அதே லிண்டா! 2024இல் கன்ட்ரி இசைச் சங்க விருதுகளுக்கு அந்தத் தொகுப்பு ஒரு பிரிவில்கூட முன்மொழியப்படவில்லை. 2025 பிப்ரவரியில் கிராமி விழாவில் சிறந்த கன்ட்ரி தொகுப்பு, ஆண்டின் சிறந்த தொகுப்பு ஆகிய இரு விருதுகளையும் அது வென்றது.

கன்ட்ரி வானொலி எல்லாரையும் ஒதுக்கியது என்று சொன்னால் அதுவும் நியாயமாகாது. பியோன்சேயின் தொகுப்பில் பாடிய ஷபூஸி என்ற கறுப்பின இளைஞரின் 'எ பார் சாங்' 2024இல் வானொலிப் பட்டியலிலும் முதலிடம் பிடித்தது. அமெரிக்கப் பொதுப் பட்டியலில் 19 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. கதவு திறக்கிறது. ஒருவருக்குத் திறந்துவிட்டு அடுத்தவரை நிறுத்தி வைக்கும் பழைய பழக்கம் போகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

பக்கத்து வாசல்

பெரிய வாசல் திறக்காதபோது சிலர் பக்கத்து வாசலைக் கட்டினார்கள். 1999இல் அமெரிக்கானா இசைச் சங்கம் உருவானது. வணிக நிலையங்கள் தொடாத வேர் இசை வெளியீடுகளுக்கு அது தனிப் பட்டியல் வைத்தது. சமூக வானொலிகளும் கல்லூரி வானொலிகளும் கைகொடுத்தன. ரிஸி பாமர் என்ற கறுப்பினக் கன்ட்ரி பாடகி 2020இல் இணைய வானொலியில் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினார். கன்ட்ரி உலகம் ஓரத்தில் நிறுத்திய கலைஞர்களை அழைத்துப் பேச வைத்தார். நிகழ்ச்சிக்கு அவர் வைத்த பெயர், லிண்டா மார்ட்டெலின் ஒரே தொகுப்பின் பெயரான 'கலர் மீ கன்ட்ரி'.

இந்தப் பக்கத்து வாசல் வழியாக வந்தவர் ரியானன் கிடன்ஸ். வட கரோலினாவைச் சேர்ந்த இவரும் ஜஸ்டின் ராபின்சன் முதலிய நண்பர்களும் இருபது ஆண்டுகளுக்கு முன் ஜோ தாம்சன் என்ற முதியவரைத் தேடிப் போனார்கள். கறுப்பினக் குடும்பங்களில் வழிவழியாக வந்த பிடில் வாசிப்பைக் காத்து வந்த கடைசிக் கலைஞர்களில் அவர் ஒருவர். அவர் வீட்டில் உட்கார்ந்து வாரந்தோறும் கற்றார்கள். 2005இல் ஒரு குழு அமைத்தார்கள். 2011இல் அவர்களுடைய தொகுப்புக்குக் கிராமி விருது கிடைத்தது. தாம்சன் 2012இல் தம் 93ஆம் வயதில் காலமானார்.

2025 ஏப்ரலில் கிடன்ஸும் ராபின்சனும் சேர்ந்து ஒரு புதிய தொகுப்பை வெளியிட்டார்கள். பிடிலும் பேன்ஜோவுமாகப் பெரும்பாலும் வட கரோலினாவின் பழைய இராகங்கள். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அவர்கள் போகவில்லை. தங்கள் குரு தாம்சனின் வீடு போன்ற இடங்களில், திறந்த வெளியில் உட்கார்ந்து வாசித்தார்கள். பறவைகளின் ஒலியும் சில்வண்டுகளின் இரைச்சலும் பாட்டோடு சேர்ந்தே பதிவாகியிருக்கின்றன. குருவின் வீட்டு முற்றத்திலேயே பாடம் திரும்ப ஒப்புவிக்கப்பட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'டெக்சாஸ் ஹோல்டெம்' பாடலின் தொடக்கத்தில் ஒலிக்கும் பேன்ஜோவை வாசித்தவர் இதே ரியானன் கிடன்ஸ்தான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கருவி, தாம்சனிடம் பாடம் கேட்டவரின் கை. அந்த ஒலியோடு தொடங்கும் பாடலுக்குத்தான், இது எங்கள் நிலையத்துக்கு உரிய இசை அல்ல என்ற பதில் போனது.

ஒரு நேயர் போதும்

நண்பர்களே, யாரையும் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. வானொலி இல்லாவிட்டால் டிஃபோர்ட் பெய்லியின் இரயில் அவருடைய கிராமத்தைத் தாண்டியிருக்காது. வாசலைத் திறந்ததும் வானொலி, சாத்தியதும் வானொலி. ஒரு புதிய வெளியீட்டைக் கையில் எடுக்கும் அறிவிப்பாளர் ஒரு பாட்டை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. இந்த இசை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்கிறார். பத்து ஆண்டுகள் ஒரே மாதிரி பதில் சொன்னால், கேட்பவர்களும் அதுவே உண்மை என்று நம்பிவிடுகிறார்கள். பாடலைக் கேட்காமலேயே "எங்கள் இசை இல்லை" என்று சொல்லும் பழக்கம் அங்கிருந்துதான் வருகிறது.

அதை மாற்றப் பெரிய படை வேண்டியதில்லை. ஓக்லஹோமாவில் நடந்ததை மறுபடி நினைத்துப் பாருங்கள். சட்டம் எதுவும் வரவில்லை. விருதுக் குழு எதுவும் கூடவில்லை. இந்தப் பாட்டைப் போடுங்கள் என்று ஒரு நேயர் கேட்டார். முடியாது என்ற பதிலோடு அவர் நின்றுவிடவில்லை. அந்தப் பாட்டு ஒலித்தது.

1941இல் பெய்லியை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டு நேயர்கள் கடிதம் எழுதிக் குவித்திருந்தால், அவர் காலணிகளுக்கு மெருகு போட்டு முதுமையடைந்திருப்பாரா? தெரியாது. ஆனால் அடுத்த முறை வானொலியில் பிடித்த பாட்டு ஒலிக்கும்போது, ஒலிக்காமல் போன பாட்டு எது என்றும் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். கேட்கத் தோன்றினால் கேட்டுவிடுங்கள். நேயர் விருப்பம் என்பது அதற்காகத்தானே இருக்கிறது!